கல்லூரிச் சொற்கள்: விண்ணப்பம் முதல் பட்டச் சான்றிதழ் வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 4.0 வாங்கிய மாணவரை எல்லோரும் பாராட்டுவார்கள். அங்கே வழக்கமான அளவுகோலில் அதுவே உச்சம். ஜெர்மனியில் 4.0 வாங்கியவர் நூலிழையில் தேறியவர். அங்கே 1.0 தான் முதல் தரம், எண் ஏற ஏறத் தரம் இறங்கும், 5.0 என்றால் தோல்வி. எண்களே நாட்டுக்கு நாடு இப்படிக் கட்சி மாறுகின்றன என்றால் சொற்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பள்ளியை முடித்துவிட்டு வருபவர் மேல் முதல் வாரத்திலேயே கிரெடிட், எலெக்டிவ், ஆடிட், பிரிரெக்விசிட் என்று சொற்கள் வந்து கொட்டும். இவற்றையெல்லாம் அகராதி பார்த்து மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. ஒரு சொல்லைச் சந்திக்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதற்குப் பின்னால் ஒரு கடைசித் தேதி இருக்கிறதா? கட்ட வேண்டிய பணம் இருக்கிறதா? மதிப்பெண் பட்டியலில் ஏறப்போகும் பதிவு இருக்கிறதா? ஒன்றாவது இருந்தால் அந்தச் சொல்லை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பது ஆபத்து. எதுவுமே இல்லையென்றால் கவலை வேண்டாம், போகப்போகப் பழகிவிடும்.

கீழே உள்ளவை ஒரு மாணவர் சந்திக்கும் வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்பதில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்களோ அங்கிருந்து தொடங்கலாம்.

முதலில் விதிமுறை நூல்

எந்தக் கல்லூரியிலும் இரண்டு வகை நூல்கள் கிடைக்கும். ஒன்று பிராஸ்பெக்டஸ் எனப்படும் தகவல் கையேடு. புல்வெளியும் சிரித்த முகங்களும் அதில் இருக்கும். மற்றொன்று விதிமுறைத் தொகுப்பு. ரெகுலேஷன்ஸ், மாணவர் கையேடு, கேட்டலாக் என்று இடத்துக்கு இடம் அதற்குப் பெயர் மாறும். படம் எதுவும் இருக்காது. ஆனால் தேர்ச்சிக்கு எவ்வளவு மதிப்பெண், வருகைப்பதிவு எத்தனை சதவீதம், அதிகபட்சம் எத்தனை ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பின்னால் ஒரு சிக்கல் வந்தால் அலுவலகம் புரட்டப்போவது இந்த நூலைத்தான். எனவே நீங்களும் அதையே முதலில் புரட்டுங்கள். தொடக்கப் பக்கங்களில் பெரும்பாலும் ‘வரையறைகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் கல்லூரியைப் பொறுத்தவரை இறுதிப் பொருள் அங்கே எழுதியிருப்பதுதான். இந்தக் கட்டுரையில் இருப்பதும் அதற்கு அடுத்தபடியே.

எந்த ஆண்டின் விதிமுறை என்பதையும் பாருங்கள். பாடத்திட்டமும் விதிகளும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறும். பொதுவாக, நீங்கள் சேர்ந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த விதிமுறையே படிப்பு முடியும் வரை உங்களுக்குப் பொருந்தும். மூத்த மாணவர் நல்ல எண்ணத்தில் சொல்லும் அறிவுரை அவருடைய விதிமுறைக்குச் சரியாகவும் உங்களுடையதற்குத் தவறாகவும் இருக்கக்கூடும்.

பட்டத்தில் யார் பெயர் இருக்கும்?

விண்ணப்பிப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956இன்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்க முடியும். சாதாரணக் கல்லூரி பட்டம் வழங்குவதில்லை. அது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும். இதுவே இணைவு பெற்ற கல்லூரி. பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்தம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும்.

‘காலேஜ்’ என்ற சொல்லே ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படிப்பதைக்கூடக் ‘காலேஜுக்குப் போகிறேன்’ என்பார்கள். அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பது பெரும்பாலும் 2 ஆண்டு அசோசியேட் பட்டம் தரும் நிறுவனம்; அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இங்கிலாந்தில் 16 வயதுக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்கு முன்பு படிக்கும் இடத்துக்கும் அதே பெயர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலோ மாணவர் தங்கி, சிறு குழுவாகப் பாடம் கேட்கும் உள் அமைப்பு அது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது.

அடுத்து அங்கீகாரம். இங்கேதான் விளம்பரங்கள் விளையாடும். அனுமதி வேறு, தரச்சான்று வேறு. ஒரு நிறுவனம் நடக்கலாம் என்று அரசு சொல்வது அனுமதி. அதன் தரத்தை ஆராய்ந்து ஒரு குழு தருவது தரச்சான்று. இந்தியாவில் 1994இல் தொடங்கப்பட்ட நாக் அமைப்பு ஒரு நிறுவனத்தை முழுமையாக மதிப்பிடுகிறது. என்.பி.ஏ. என்னும் அமைப்பு பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் தனித்தனிப் படிப்புகளை மதிப்பிடுகிறது. ஆகவே கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்திருக்கும்போதே நீங்கள் சேரும் படிப்புக்குத் தரச்சான்று இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவிலும் நிறுவனத்துக்கு ஒன்று, தனிப் படிப்புக்கு ஒன்று என இதே இரண்டு அடுக்குகள் உண்டு. ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால், அங்கீகரித்தது யார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால், அந்த அமைப்பின் இணையதளத்திலேயே போய்ப் பாருங்கள். கல்லூரி தரும் இணைப்பை நம்ப வேண்டாம்.

சேர்க்கைக் காலத்துச் சொற்கள்

சதவீதம், பெர்சன்டைல், தரவரிசை என்ற மூன்றையும் குழப்பிக்கொள்ளாத குடும்பமே இல்லை. நூற்றுக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்பது சதவீதம். தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தார்கள் என்பது பெர்சன்டைல். கடினமான தேர்வில் பாதி மதிப்பெண் எடுத்தவர் 95 பெர்சன்டைலில் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பயன்படும் ஏட்டார் எண்ணும் இத்தகைய நிலைக் குறியீடுதான், 80.00 என்றால் அந்த வயதுப் பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். இலங்கையில் உயர்தரத் தேர்வுக்குப் பின் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளி வேறு வகை: ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதை அந்தப் பாடத்து மதிப்பெண்களின் பரவலோடு ஒப்பிட்டுச் சொல்வது. எளிதான பாடத்தையும் கடினமான பாடத்தையும் எடுத்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்த அது உதவுகிறது.

கட்-ஆஃப் என்பதை இரண்டு பொருளில் சொல்கிறார்கள். ‘அந்தக் கல்லூரியின் கட்-ஆஃப்’ என்றால், முந்தைய ஆண்டில் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண். அது யாரும் முன்கூட்டி நிர்ணயித்த எல்லை அல்ல. சேர்க்கை முடிந்தபின் தெரியவரும் விளைவு. இந்த ஆண்டு அது ஏறலாம், இறங்கலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் ‘என் கட்-ஆஃப்’ என்று மாணவர் சொல்வது வேறு: கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் மாற்றிக் கூட்டிய 200க்கான சொந்த மதிப்பெண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரி. ஒன்றை மற்றொன்று என நினைத்துவிடக் கூடாது.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் ‘ஆஃபர்’ வந்தால் அது நிபந்தனை உள்ளதா இல்லாததா என்பதை முதலில் பாருங்கள். நிபந்தனை உள்ள ஆஃபர் என்றால், இறுதித் தேர்வில் இவ்வளவு எடுத்தால்தான் இடம். பிரிட்டனில் யூகாஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பவர் தனக்கு வந்த ஆஃபர்களில் ஒன்றை முதல் தேர்வாகவும், இன்னொன்றைக் காப்புத் தேர்வாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கொஞ்சம் குறைந்த மதிப்பெண் கேட்பதாக இருந்தால்தான் அது காப்பு. இரண்டும் ஒரே மதிப்பெண் கேட்டால் காப்பு என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

அமெரிக்க விண்ணப்பத்தில் ‘எர்லி டிசிஷன்’, ‘எர்லி ஆக்‌ஷன்’ என்று இரண்டு இருக்கும். ஒரே மாதிரி ஒலிப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். முதலாவது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்: இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லதல்ல என்பது என் கருத்து. இரண்டாவதில் விடை சீக்கிரம் வரும், கட்டுப்பாடு இல்லை.

காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றால் இடம் கிடைக்கவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. அதை நம்பிக் கையில் இருக்கும் இடத்தின் கடைசித் தேதியைக் கோட்டைவிட வேண்டாம். ‘டிஃபரல்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. கல்லூரி செய்தால் முடிவைத் தள்ளிவைக்கிறது. நீங்கள் கேட்டால், கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கிறீர்கள்.

பணத்தின் மொழி

டியூஷன் என்பது கற்பித்தலுக்கான கட்டணம் மட்டும். தேர்வுக் கட்டணம், ஆய்வகம், நூலகம், விடுதி, உணவு, காப்பீடு, பயணம் எல்லாம் தனி. எனவே இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது டியூஷனோடு டியூஷனை ஒப்பிடாதீர்கள்; ஓர் ஆண்டின் மொத்தச் செலவோடு மொத்தச் செலவை ஒப்பிடுங்கள். காப்புத்தொகை என்று வாங்கப்படுவது, பொருட்களுக்குச் சேதம் எதுவும் இல்லையென்றால் படிப்பு முடிந்ததும் திரும்பி வர வேண்டிய பணம். பலர் கேட்டு வாங்காமலே போய்விடுகிறார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

திருப்பித் தர வேண்டாதவை: கல்வி உதவித்தொகை, மானியம், கட்டண விலக்கு. உழைத்துப் பெறுபவை: அசிஸ்டன்ட்ஷிப் (கற்பித்தலிலோ ஆய்விலோ உதவியாளராக வேலை), வளாகத்தில் பகுதிநேர வேலை. திருப்பித் தர வேண்டியது: கடன். அமெரிக்கக் கல்லூரிகள் அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தில் இந்த மூன்றும் ஒரே பட்டியலில், ஒரே கூட்டுத்தொகைக்குள் இருக்கலாம். ‘இவ்வளவு உதவி’ என்று கீழே போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன்பு, கடனை அடித்துவிட்டு மறுபடியும் கூட்டிப் பாருங்கள். மொத்தச் செலவிலிருந்து திருப்பித் தர வேண்டாத தொகையை மட்டும் கழித்தால் கிடைப்பது நிகரச் செலவு. அதுதான் குடும்பம் சுமக்கப்போகும் எண்.

உதவித்தொகை ஓர் ஆண்டுக்கா, படிப்பு முழுவதற்குமா? ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது என்றால், குறைந்தபட்சத் தரப்புள்ளி நிபந்தனை இருக்கும். முதல் செமஸ்டரில் சறுக்கினால் இரண்டாம் ஆண்டில் உதவி நின்றுபோகும். கல்விக் கடனில் வரும் ‘மொராட்டோரியம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். தவணை கட்டாமல் இருக்க அனுமதிக்கப்பட்ட காலம் அது. அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறுமா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகிறவர்கள் ‘சென்சஸ் தேதி’ என்ற சொல்லை மறக்கவே கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு பாடத்திலிருந்து கட்டணப் பொறுப்பு இல்லாமல் விலக அதுவே கடைசி நாள். மறுநாள் விலகினாலும் பொதுவாக முழுக் கட்டணமும் உங்கள் தலையில்.

கிரெடிட்: அச்சாணிச் சொல்

பாடப் பதிவுக்கு வருகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதலில் ஒரு தகராறு: நாம் ‘என்ன கோர்ஸ்?’ என்று கேட்டால் ‘பி.காம்.’ என்று பதில் வரும். முழுப் படிப்பையும் கோர்ஸ் என்கிறோம், பிரிட்டனிலும் அப்படித்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் கோர்ஸ் என்பது ஒரு பருவத்தில் படிக்கும் ஒரு தனிப் பாடம்; முழுப் படிப்புக்குப் புரோகிராம் என்று பெயர். அந்தத் தனிப் பாடத்தையே பிரிட்டனில் மாட்யூல் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் யூனிட். விண்ணப்பப் படிவத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் எந்த நாட்டுப் படிவம் என்று பார்த்துக்கொண்டு நிரப்புங்கள்.

கிரெடிட் என்பது ஒரு பாடம் கோரும் உழைப்பின் அளவு. மதிப்பெண் அல்ல. பாடத்தில் தேறினால் அதற்கான கிரெடிட் முழுவதும் உங்கள் கணக்கில் சேரும். தேறாவிட்டால் எதுவும் சேராது. குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால்தான் பட்டம்.

ஆனால் அலகு நாட்டுக்கு நாடு மாறும். 120 கிரெடிட் என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அது முழுநேர இளங்கலைப் படிப்பின் ஓர் ஆண்டு. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் அது 3 ஆண்டுப் பட்டம். அமெரிக்காவில் ஏறத்தாழ 4 ஆண்டுப் பட்டம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழங்கும் ஈ.சி.டி.எஸ். முறையில் ஓராண்டு என்பது 60 கிரெடிட்; எனவே அங்கே 120 என்றால் 2 ஆண்டு. ஆகவே ஒரு நாட்டில் சேர்த்த கிரெடிட்டுகளை இன்னொரு நாட்டில் அப்படியே எண்ணிக் காட்ட முடியாது. ‘ஓர் ஆண்டின் முழுச் சுமையில் எத்தனை பங்கு’ என்று மாற்றிச் சொன்னால் குழப்பம் தீரும்.

கிரெடிட்டைப் படிப்பு நேரமாகவும் மாற்றிப் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது ஈ.சி.டி.எஸ். கணக்கு, பிரிட்டனில் 10 மணி நேரம். இதில் வகுப்பு, வாசிப்பு, ஒப்படைப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அடக்கம். அமெரிக்கக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பும் வெளியே குறைந்தது 2 மணி நேரப் படிப்பும். ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுப்பவருக்கு 15 மணி நேரம்தான் வகுப்பு. ‘நிறைய நேரம் இருக்கிறதே’ என்று தோன்றும். வெளியே 30 மணி நேரம் காத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் வாரத்துக்கு 45. பகுதிநேர வேலை தேடுவதற்கு முன்பு இந்தக் கூட்டலைச் செய்துவிடுங்கள்.

பாடங்களில் சில மையப் பாடங்கள். கட்டாயம் படிக்க வேண்டும். சில எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடங்கள். ஆனால் ‘விருப்பம்’ என்பது ஒரு பட்டியலுக்குள்தான், சில இடங்களில் போதிய மாணவர்கள் சேராவிட்டால் அந்தப் பாடம் நடக்கவே நடக்காது. ஓப்பன் எலெக்டிவ் என்றால் வேறு துறையிலிருந்தும் எடுக்கலாம். மேஜர் முதன்மைத் துறை, மைனர் துணைத் துறை.

இவற்றுள் புதியவர்களைப் பெரிதும் பாதிக்கும் சொல் பிரிரெக்விசிட், அதாவது முன்தேவைப் பாடம். ‘இதைப் படித்துத் தேறினால்தான் அதை எடுக்கலாம்’ என்ற விதி. கணிதம் 1 முடித்தால்தான் கணிதம் 2. அதை முடித்தால்தான் புள்ளியியல். அதன் பிறகுதான் மூன்றாம் ஆண்டின் முக்கியப் பாடம். இந்தப் பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடக்கும் கல்லூரியில், முதல் செமஸ்டரில் ஒன்றை விட்டால் பட்டமே ஓர் ஆண்டு தள்ளிப்போகலாம். எனவே திட்டத்தைக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: முடிவில் எந்தப் பாடம் வேண்டும், அதற்கு முன் எது, அதற்கும் முன் எது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தால் முதல் செமஸ்டரில் எதைத் தவறவிடக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

பாடப் பதிவுக்குப் பின் ‘ஆட்-டிராப்’ என்று ஒரு குறுகிய காலம் உண்டு. அதற்குள் ஒரு பாடத்தை விட்டால் அது பதிவிலேயே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் பட்டியலில் ‘டபிள்யூ’ என்று ஏறும்; தரப்புள்ளியைப் பாதிக்காது, ஆனால் கிரெடிட்டும் கிடைக்காது, பணமும் முழுதாகத் திரும்பாது. விலகும் தேதியும் தாண்டிவிட்டால் எழுதித் தேறுவதைத் தவிர வழியில்லை. சும்மா வகுப்புக்குப் போகாமல் இருப்பது விலகல் ஆகாது! அப்படி இருந்துவிட்டுத் தோல்விப் பதிவு வாங்குபவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ஒரு பாடத்தை ‘ஆடிட்’ செய்வது என்றால் மதிப்பெண்ணும் கிரெடிட்டும் இல்லாமல் கேட்டுக் கற்பது. அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

வகுப்பு தொடங்கியபின்

லெக்சர் பெரிய அரங்கில் கேட்பது. டுட்டோரியல் சிறு குழுவில் கேள்வி கேட்டுத் தெளிவது. செமினாரில் நீங்களும் பேச வேண்டும், முன்பே படித்துவிட்டுப் போக வேண்டும்.

‘ஆஃபீஸ் ஹவர்ஸ்’ என்று ஆசிரியரின் அறைக் கதவில் ஒட்டியிருக்கும். அவர் வேலையாக இருக்கும் நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்துத் திரும்பிப் போகும் மாணவர்கள் ஏராளம். உண்மை நேர்மாறானது. மாணவர்கள் வந்து கேட்பதற்கென்றே அவர் ஒதுக்கிய நேரம் அது. சந்தேகம் சிறியதாக இருந்தாலும் போகலாம். பள்ளியில் ஆசிரியர் அறைக்கு அழைக்கப்பட்டால் ஏதோ தவறு செய்திருக்கிறோம் என்ற பயம் வரும். கல்லூரியில் அந்தப் பயத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

எல்லா ஆசிரியர்களையும் புரொஃபசர் என்று அழைப்பது அமெரிக்க வழக்கம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் அது உயர் பதவியின் பெயர். ரெஜிஸ்ட்ரார் என்றால் அமெரிக்காவில் பாடப்பதிவும் மதிப்பெண் பட்டியலும் பார்க்கும் அலுவலகம். இந்தியாவில் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மூத்த அதிகாரி, தேர்வு விவகாரத்துக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போக வேண்டும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் பல்கலைக்கழகத்தை நடத்துபவர் துணைவேந்தர். வேந்தர் பதவி பெரும்பாலும் மரபுக்கானது. கடிதம் எழுதும்போது இது தெரிந்திருந்தால் மனு சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

வருகைப்பதிவு விதி இருக்கும் கல்லூரிகளில் ‘காண்டொனேஷன்’ என்ற சொல் வரும். வருகை கொஞ்சம் குறைந்தவருக்கு, தக்க காரணமும் சான்றும் இருந்தால், கட்டணத்தோடு தரப்படும் விலக்கு அது. உரிமை அல்ல, சலுகை. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத விட மாட்டார்கள்.

பிளேஜியரிசம் என்னும் எழுத்துத் திருட்டைப் பற்றிப் பள்ளியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இணையத்திலிருந்தோ நண்பரிடமிருந்தோ எடுத்ததை உங்களுடையதாகக் காட்டுவது மட்டுமல்ல, சொற்களை மாற்றிப் போட்டு மூலத்தைச் சொல்லாமல் விடுவதும் அதில் அடங்கும். நீங்கள் முன்பு ஒரு பாடத்துக்குக் கொடுத்த கட்டுரையையே இன்னொரு பாடத்துக்குக் கொடுத்தாலும் பல இடங்களில் குற்றம். மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் சதவீதம் குறைவாக இருந்தால் தப்பித்தோம் என்பதும் சரியல்ல. முறையாக மேற்கோள் காட்டிய வரிகளாலும் அந்த எண் ஏறும். திருடிய கருத்து எண்ணில் தெரியாமலும் போகும். ஆசிரியர் அறிக்கையைப் படித்துத்தான் முடிவு செய்வார்.

மதிப்பெண்ணும் தரப்புள்ளியும்

அகமதிப்பீடு என்பது பருவம் முழுவதும் நடக்கும் சிறு தேர்வுகள், ஒப்படைப்புகள், ஆய்வகப் பணி ஆகியவற்றுக்கான மதிப்பெண். பருவத் தேர்வு முடிவில் வரும். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டுமா, கூட்டினால் போதுமா என்பதை விதிமுறையில் பாருங்கள். கூட்டு மொத்தம் நன்றாக இருந்தும் பருவத் தேர்வில் குறைந்தபட்சம் எட்டாததால் தோற்பவர்கள் உண்டு.

ஜி.பி.ஏ. எனப்படும் சராசரித் தரப்புள்ளியின் கணக்கைக் கையால் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இந்தியாவில் பரவலாக உள்ள 10 புள்ளி அளவுகோலில் ஒரு மாணவர் நான்கு பாடங்கள் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் பாடத்தில் 8 புள்ளி, 3 கிரெடிட் பாடத்தில் 9, இன்னொரு 3 கிரெடிட் பாடத்தில் 7, 2 கிரெடிட் பாடத்தில் 10. கிரெடிட்டையும் புள்ளியையும் பெருக்கினால் 32, 27, 21, 20, கூட்டினால் 100. மொத்தக் கிரெடிட் 12. வகுத்தால் 8.33. புள்ளிகளை மட்டும் கூட்டி நாலால் வகுத்தால் 8.5 வரும், அது தவறான விடை. கிரெடிட் அதிகம் உள்ள பாடம் தராசில் அதிகம் கனக்கும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்று பிரிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

சி.ஜி.பி.ஏ. என்பது எல்லாப் பருவங்களையும் சேர்த்த அதே கணக்கு. பருவ ஜி.பி.ஏ.க்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. 20 கிரெடிட் பருவத்தில் 9.0, 24 கிரெடிட் பருவத்தில் 7.5 என்றால் சராசரி 8.25 அல்ல, 360ஐ 44ஆல் வகுத்த 8.18. சி.ஜி.பி.ஏ.யைச் சதவீதமாக மாற்ற எல்லோருக்கும் பொதுவான சூத்திரம் கிடையாது. உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் சூத்திரத்தையே பயன்படுத்துங்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அது அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

சதவீதமும் ஊருக்கு ஊர் வேறு எடை. பிரிட்டனில் 70 வாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு. முதல் கட்டுரைக்கு 64 வந்ததும் இடிந்துபோய் வீட்டுக்கு அழைத்துப் பேசும் மாணவர், உண்மையில் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

தேறாத பாடத்துக்கு அரியர், பேக்லாக், ரீசிட் என்று பல பெயர்கள். கேட்க வேண்டியவை: மறுதேர்வு எப்போது? எத்தனை வாய்ப்புகள்? முன்பு வாங்கிய அகமதிப்பீடு நீடிக்குமா? பிரிட்டனில் பல இடங்களில் ரீசிட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் கணக்கில் சேராது. மறுகூட்டல் என்பது கூட்டல் பிழையைப் பார்ப்பது. மறுமதிப்பீடு என்பது விடைத்தாளை இன்னொருவர் திருத்துவது. இரண்டுக்கும் முடிவு வந்த பிறகு சில நாள்களே அவகாசம். மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டா என்று விதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நின்று போவதும் மாறிப் போவதும்

உடல்நலமோ குடும்பச் சூழலோ காரணமாகப் படிப்பை நிறுத்த வேண்டி வந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முறைப்படி இடைவிடுப்பு கேட்டவருக்கு இடம் காத்திருக்கும். சொல்லாமல் நின்றவர் மறுசேர்க்கைக்கு அலைய வேண்டும். டிப்ளமோ முடித்தவர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்வது லேட்டரல் என்ட்ரி. கல்லூரி மாறும்போது முந்தைய கிரெடிட்டுகளில் எத்தனை ஏற்கப்படும் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் 2021இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியில் கணக்குத் திறந்தால் உங்கள் கிரெடிட்டுகள் மின்பதிவாக அங்கே சேரும். அவற்றை எவ்வளவு ஏற்பது என்ற முடிவு சேரும் நிறுவனத்துடையது.

கடைசியில் கைக்கு வரும் தாள்கள்

டிரான்ஸ்கிரிப்ட் என்பது எல்லாப் பருவங்களின் பாடம், கிரெடிட், தரம் அடங்கிய ஒரே பட்டியல். ‘அதிகாரபூர்வ’ டிரான்ஸ்கிரிப்ட் கேட்டால், பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் போட்டோ, மின்வழியாகவோ நேரடியாக அனுப்ப வேண்டும்; உறையை நீங்கள் பிரித்துவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இறுதி ஆண்டிலேயே சில பிரதிகளுக்கு விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தற்காலிகச் சான்றிதழ், பட்டமளிப்பு விழா வரை பட்டத்துக்கு ஈடாகச் செல்லும். மாற்றுச் சான்றிதழ் கல்லூரியை விட்டு விலகியதற்கு. இடப்பெயர்வுச் சான்றிதழ் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு. போனஃபைடு என்பது ‘இவர் எங்கள் மாணவர்தான்’ என்ற உறுதி. வங்கிக் கடனுக்கும் பயணச் சலுகைக்கும் கேட்பார்கள். வெளிநாட்டில் காட்ட வேண்டுமானால், ஆவணம் உண்மையானது என்று அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் என்ற முத்திரை தேவைப்படலாம். 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு இது செல்லும். இந்தியாவும் அதில் உள்ளது.

பட்டச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பு பெயரைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு படிவம் வரும். முன்னெழுத்து பெயருக்கு முன்னா பின்னா, விரிவாக்கமா எழுத்து மட்டுமா, ஒற்றெழுத்து ஒன்றா இரண்டா என்று பள்ளிச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்த விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், கட்டணம், பல மாதக் காத்திருப்பு என்று இழுக்கும். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.